பிரதான் வீட்டுச் சிகரம்

"வானம் எப்படி இருக்கு?" என்று ரஜாய்ப் போர்வைக்குள் இருந்தே கேட்டார் திலக் சுப்பா.

"எதிர்வீடே தெரியல," என்றாள் ஜன்னலோரம் நின்ற அவர் மனைவி பிம்லா.

"அப்பாடா."

டார்ஜிலிங்கில் ஹோம்ஸ்டே நடத்துகிறவன் மூட்டத்தைப் பார்த்து அப்பாடா என்றால், எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். சுப்பாவின் கோளாறு எதிர்வீட்டு மொட்டைமாடியில் இருந்தது. குழாயில் வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த தண்ணீரும் நின்றுபோனதால், போன சனிக்கிழமை அந்த வீட்டுக்காரர் பிரதான் ஒரு பெரிய கறுப்பு டேங்கை இரும்புக் கால் போட்டு மேலே ஏற்றிவிட்டார். சுப்பா வீட்டு விருந்தினர் அறை ஜன்னலில், காஞ்சன்ஜங்கா தெரிய வேண்டிய இடத்தில் இம்மி பிசகாமல் அது உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொல்கத்தாவிலிருந்து, எல்லாரும் அக்கா முறை வைத்து தீதி என்று கூப்பிடும் லாஹிரி தீதி வந்து இறங்கினார். வயது அறுபது, தலையில் குரங்குத் தொப்பி, கையில் இரண்டு பெட்டி. துர்கா பூஜை விடுமுறைக்கு சுப்பாவின் வீட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டின் சொந்த அக்கா. 'படுக்கையிலிருந்தே பனிமலை' என்று தம்பி போட்ட விளம்பரத்தைப் பார்த்து வந்தவர். அவர் தம்பியிடம் ஒரு வார்த்தை குறை சொன்னால் போதும், சுப்பா வீட்டின் பெயர் பட்டியலில் இருக்காது. பூஜை மாதம் இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கு மீதி வருஷமும் இல்லை.

தினமும் காலையில் தீதி கதவைத் திறந்து அதே கேள்வியைக் கேட்பார்.

"மலை தெரியுதா?"

"இல்ல தீதி. ஒரே மூட்டம்."

பெரிதாக ஒரு மூச்சு விடுவார். இரண்டு தட்டு மோமோ சொல்லிவிட்டு, நாவலோடு படுக்கையில் சாய்ந்துகொள்வார். போன் வந்தால், "இன்னும் தெரியலைப்பா, நான் என்ன பண்றது," என்பார். தம்பியிடம்தான் குறை சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார் சுப்பா.

தீதி வெளியே போனது ஒரே ஒருமுறைதான். திங்கட்கிழமை, மேலே இருக்கும் புத்த மடமான கோம்பாவுக்கு.

"மலை தெரியணும்னு வேண்டிக்கத்தான் போயிருக்காங்க," என்றார் சுப்பா. "நாம தொலைஞ்சோம்."

முதலில் பிரதானிடம் போனார். "தாஜு," என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார், "டேங்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதா?"

"தண்ணி ரொம்பின டேங்க்டா அது. மலையைத் தள்ளி வை, அது சுலபம்."

செவ்வாய்க்கிழமை, வீட்டில் இருந்த கம்பளிகளை எல்லாம் நனைத்து ஜன்னலுக்கு எதிரே கொடியில் போட்டார் சுப்பா. டேங்க் மறைந்தது. ஆனால் மூட்டத்தில் கம்பளி எந்தக் காலத்தில் காய்ந்தது? ராத்திரி போர்த்த ஒன்றும் இல்லாமல் தீதிக்கு ஜலதோஷம் பிடித்தது. கம்பளிகள் ஈர ஆட்டு நாற்றம் அடித்தன.

"உங்க மூளையையும் கொடியில போடுங்க, காயட்டும்," என்றாள் பிம்லா.

புதன்கிழமை ஓசேர் லாமாவைத் தேடி கோம்பாவுக்கு ஓடினார். கல்யாணம் கார்த்திகை என்றால் மழையைப் பிடித்து நிறுத்தித் தருபவர் ஓசேர் லாமா.

"மூட்டம் விலகாம நிக்கணுமா?" என்று லாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வாரம் எல்லாருக்கும் என்னதான் ஆச்சு?" என்று முணுமுணுத்துக்கொண்டே மணியை எடுத்தார். "நாளைக்கு மேல நான் பொறுப்பில்ல. காத்து திரும்புது."

அதனால்தான் சாயங்காலமே டேங்குக்கு வெள்ளையடிக்க வேண்டியதாயிற்று. மேகத்தோடு மேகமாகப் போய்விடும் என்பது சுப்பாவின் கணக்கு. தன் பங்குக்குச் செலவில்லை என்றதும் பிரதான் ஏணியைக் கொடுத்தார்.

வியாழக்கிழமை விடிந்தது. மூட்டம் மெலிந்து, இளவெயில் பட்டது. இரும்புக் கால்கள் மேகத்தில் மறைந்திருக்க, டேங்கின் உருண்டைத் தலை மட்டும் ரோஜா நிறத்தில் மிதந்தது. வெள்ளையடித்த சுப்பாவே ஒரு கணம் கைகூப்பிவிட்டார்.

தீதி ஜன்னலருகே நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"மலையைப் பார்த்தாச்சு," என்றார். "வண்டி சொல்லுங்க, கிளம்பறேன்."

புடவைகளை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார். சுப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூட்டம் முழுசாக விலகுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம்.

அப்போது பனியன் போட்ட ஓர் ஆள் சிகரத்தில் ஏறினார். உச்சியில் இருந்த மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "பாதிதான் இருக்கு," என்று கீழே யாருக்கோ குரல் கொடுத்தார்.

மடித்த புடவையோடு ஜன்னலைப் பார்த்த தீதி மெல்லத் திரும்பினார். "அது யாரு?"

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. "பிரதான் தாஜு," என்றார் சுப்பா. "அது மலை இல்ல தீதி, அவர் வீட்டு டேங்க். நான்தான் வெள்ளையடிச்சேன். மலை அதுக்குப் பின்னால இருக்கு. இந்த ஜன்னல்ல இனிமே அது தெரியவே தெரியாது. தம்பிகிட்ட நீங்க என்ன சொன்னாலும் சரி, என் தப்புதான்."

"டேங்க்தானா? நிச்சயமா?"

"எங்க குலதெய்வம் சத்தியமா."

"அப்போ நான் மலையைப் பார்க்கல."

"பார்க்கல தீதி."

தீதி மடித்த புடவைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வெளியே எடுத்தார். "பிம்லா, மத்தியானத்துக்கு துக்பா சூப் பண்ணும்மா. காரம் தூக்கலா." பிறகு சுப்பாவிடம், "டேங்கை யாரும் தொடக் கூடாது. இந்த மாதிரி ரூம் எங்கேயும் கிடைக்காதுன்னு தம்பிகிட்ட சொல்றேன்," என்றார். ஊரெல்லாம் மாடியில் நின்று பளபளக்கும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் திரையை இழுத்து விட்டுக்கொண்டு நாவலைப் பிரித்தார்.

சுப்பாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இனி மூட்டம் வேண்டாம் என்று சொல்வதற்காகக் கோம்பாவுக்கு ஏறிப் போய், நடந்ததை எல்லாம் லாமாவிடம் ஒப்பித்தார்.

லாமா வெண்ணெய்த் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார்.

"உனக்கு முன்னாடி, திங்கக்கிழமையே அந்தம்மா வந்து மூட்டம் கேட்டுட்டுப் போயாச்சு. மலையைப் பார்த்த அன்னிக்கே திரும்பி வந்துடணும்னு சொல்லித்தான் வீட்டுல அனுப்பினாங்களாம். அங்க தினம் ஒம்பது பேருக்கு அவங்கதான் சமைக்கணுமாம்."