டச்சுக்காரர்கள் கோள் சொல்வதற்குள்

என் சாமுக்குட்டிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். உன் சுகத்தையும் கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் நீ இருக்கிற இடத்தில் நோயும் இல்லை, நோவும் இல்லை, பசியும் இல்லை என்று பாஸ்டர் வாராவாரம் சொல்வதால் அந்த வரியை விட்டுவிட்டேன். நம் பிள்ளை ராபின் ஒரகடத்தில் வேற கம்பெனிக்கு மாறிவிட்டான், அவனும் சுகம். முருங்கை மரம் காற்றில் சாய்ந்துவிட்டது, அது சுகம் இல்லை. ஊருக்கெல்லாம் சாம்சன் என்று இருந்தவனை சாமுக்குட்டி என்று எழுதுகிறாளே, யாராவது படித்தால் கம்பெனியே சிரிக்குமே என்று பயப்படாதே. இதை யாரும் படிக்கப் போவதில்லை.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை, அஞ்சாவதோடு நின்ற கை இது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் ஒரு கலாட்டா ஆகிப்போனது, அதில் உன் பேரும் அடிபட்டுவிட்டது. அந்த இடத்தில் டச்சுக்காரர்கள் நிறையப் பேர் படுத்திருக்கிறார்கள். அவர்களும் நீ இருக்கிற ஊருக்குத்தானே வந்திருப்பார்கள். அவர்களில் எவனாவது உன்னைத் தேடி வந்து, உன் பெண்டாட்டி எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இன்னின்ன கூத்து பண்ணினாள் என்று கோள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு செண்பகத்தின் மேல் பொறாமை. கம்பெனி கேன்டீனில் என்கூட காய் நறுக்குகிற அதே செண்பகம்தான், குப்புராஜ் பெண்டாட்டி. அவள் செயினைப் பார்த்தோ, அவள் வீட்டு மாடியைப் பார்த்தோ பொறாமை இல்லை. அவள் ஃபோன் அடிக்கிறது. அதுதான். வெங்காயம் நறுக்கும்போது அடிக்கிறது, சாப்பிடும்போது அடிக்கிறது, எல்லாம் அந்தக் குப்புராஜ்தான். அவள் எடுத்துக் கொடுக்காமல் அவனுக்கு ஒரு துண்டு கிடைக்காது, ஒரு டம்ளர் கிடைக்காது. என் ஃபோன் நீ போன நாளிலிருந்து செத்த மாதிரி கிடக்கிறது. அவள் ஃபோன் அடிக்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அதை வெளியே சொல்லவும் முடியாது, அவளோ என் மேல் உயிரை வைத்திருக்கிறாள்.

அவள்தான் அன்றைக்கு என்னைக் கிளப்பியது. "யக்கா, வருஷம் திரும்பப் போவுது, இன்னும் ஊட்டுக்குள்ளயே பூந்துகினு கீறியே. ஆரணி ஆறு போயி ஏரியில உழுவுது பாரு, பழவேற்காடு, அங்க வெள்ளக்காரன் வரதுக்கு முன்னாடி வேற ஒரு வெள்ளக்காரன் கோட்ட கட்டிக்கிறானாம். ஃபோன்ல வீடியோ வந்துச்சு. காலாற சுத்திட்டு வரலாம் வா" என்றாள். சரி என்று கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தோம். பஸ் நகரக்கூட இல்லை, அவள் ஃபோன் அடித்தது. அந்த ஃபோன் ஒருதரம் ரசத்தில் விழுந்ததிலிருந்து காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில்தான் பேசும். அதனால் பஸ்சே கேட்டது.

"இந்தாடி, மொளகாத்தூளு எங்க வச்ச?"

"அடுப்புக்கு மேல, செகப்பு மூடி."

"செகப்பு மூடியில சக்கர கீது."

"அது பழைய செகப்பு. இது புது செகப்பு."

முன் சீட்டில் மீன் கூடையோடு இருந்த அம்மா திரும்பி, "கொழம்புக்கா வறுவலுக்கான்னு கேளும்மா" என்றாள். கோழிக் குழம்புக்கு என்று அவனே பதில் சொன்னான். "அப்பன்னா தனியாத்தூளும் போடணும்" என்றார் கண்டக்டர். "யாருடி அது?" என்று கேட்டான் குப்புராஜ். "கண்டக்டருய்யா, அவருக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல" என்று ஃபோனை வைத்துவிட்டு, "இவனக் கட்டிக்கினு ஒரே பேஜாரு யக்கா. எவளாவது கூட்டிக்கினு போறதா இருந்தா கையில டப்பும் குடுத்து, வழிக்கு நாஷ்டாவும் கட்டிக் குடுப்பேன்" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆனால் அது சிரிப்பால் வந்த வலி இல்லை.

அந்த நேரம் பார்த்து என் ஃபோனும் அடித்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் யாரென்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு பொம்பளைக் குரல், உங்களுக்கு லோன் ரெடியாக இருக்கிறது, ஒன்றை அழுத்தவும் என்றது. மிஷின் குரல். வைத்துவிட மனசு வரவில்லை. "ஆங், சாப்ட்டேன் கண்ணு. பஸ்ல கீறேன். நீ சாப்ட்டியா? உடம்ப பாத்துக்கோ" என்றேன். அது இரண்டை அழுத்தவும் என்றது. "யாருக்கா, ராபினா?" என்றாள் செண்பகம். ஆமாம் என்றேன். கர்த்தர் மன்னிப்பாராக.

பழவேற்காட்டில் இறங்கிக் கோட்டையைத் தேடினால் கோட்டையைக் காணோம். முள்ளு மரமும் ஒரு பள்ளத்தில் பாசித் தண்ணியும்தான். வலை பிரித்துக்கொண்டு இருந்தவரிடம் கேட்டால், "நீங்க நிக்கறதே கோட்ட மேலதான்" என்கிறார். கீழே பார்த்தால் செங்கல்லு. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று செண்பகம் வாயைத் திறப்பதற்குள் குப்புராஜ் மறுபடி அடித்தான். குக்கர் விசிலே வரவில்லையாம். "வெயிட்டு போட்டியா?" என்றாள். அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம். அப்புறம் மெதுவாக, "வெயிட்டு எங்க கீது?" என்றான். அவள் அந்தக் கோட்டை மேல் நின்று போட்ட கூச்சலில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. எனக்கோ கொக்கும் தெரியவில்லை, கோட்டையும் தெரியவில்லை. இப்படி ஒருத்தன் என்னைக் கேட்க மாட்டானா என்றே இருந்தது. அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சாமு, உன் பட்டன் ஃபோன் என் கைப்பையில்தான் இருக்கிறது. தினமும் சார்ஜ் போடுகிறேன், நம்பர் போய்விடக் கூடாதென்று ரீசார்ஜும் போடுகிறேன். ராபினுக்குத் தெரியாது, தெரிந்தால் டாக்டரிடம் கூட்டிப்போவான். அதில் பச்சைப் பட்டனை ரெண்டு தரம் அமுக்கினால் கடைசியாகக் கூப்பிட்ட நம்பருக்குப் போகும். கடைசி நம்பர் என்னுடையது. பைக்குள் கையை விட்டு ரெண்டு தரம் அமுக்கினேன். என் ஃபோன் அடித்தது. செண்பகத்துக்குத் தெரியாமல் திருப்பிப் பிடித்துக் கட் பண்ணிவிட்டு, காதில் வைத்துக்கொண்டு, "ராபினு, மொளகாத்தூளு செகப்பு மூடியில கீது பாரு" என்று சத்தமாகச் சொன்னேன். அவள், "இன்னாக்கா, இன்னிக்கு ராபினுக்குப் பாசம் பொத்துக்கினு ஊத்துது" என்றாள். எனக்கு அப்படியே குளிர்ந்துபோனது. என்னையும் ஒருத்தன் தேடுகிறான் என்று ஒருத்தி நம்பிவிட்டாள் இல்லையா.

அத்தோடு விட்டிருக்கலாம். பள்ளிவாசல் தெரு வழியாக நடந்து டச்சுக்காரர்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வருவதற்குள் குப்புராஜ் அடித்து அடித்தே செண்பகத்தின் ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அங்கே காவலுக்கு யேசுதாஸ் என்று ஒரு பெரியவர். அவர் பூட்டைத் திறந்துவிட்டார். வாசலில் ரெண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள், பார்த்தால் பசியோடு நிற்கிற மாதிரி இருக்கும். உள்ளே கட்டில் கட்டிலாகக் கல்லறை. "யக்கா, நீ அந்த எலும்பாண்ட நில்லு, போட்டோ எடுக்கறேன்" என்று என் ஃபோனை வாங்கிக்கொண்டாள். நானும் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். "சிரிக்கா" என்றாள். சிரிப்பதற்காக உடம்பை நிமிர்த்தினேன், கை பையை அமுக்கிவிட்டது. எது எங்கே அமுங்கியதோ, அவள் கையில் என் ஃபோன் அடித்தது. நான் அதில் உன் பேரை சாமு என்று போட்டு, உன் ஐடி கார்டு போட்டோவை வைத்திருக்கிறேன். ஹெல்மெட் போட்டு முறைத்துக்கொண்டு நிற்பாயே, அது.

செண்பகம் ஃபோனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எலும்புக்கூட்டைப் பார்த்தாள். கத்தக்கூட இல்லை. ஃபோனைப் பக்கத்துக் கல்லறை மேல் போட்டுவிட்டு ஓடினாள். வாசல் ஓரத்து முள்ளில் புடவை மாட்டிக்கொண்டது. எலும்புக்கூடுதான் பிடித்துவிட்டது என்று நினைத்து, அது மூஞ்சியைப் பார்க்காமலே, "உடு சாமி, எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது சாமி" என்று மரியாதையாகக் கெஞ்சினாள். நான் பைக்குள் கையை விட்டு சிவப்புப் பட்டனைத் தேடுகிறேன், அது கிடைக்காமல் பச்சையே மறுபடி மறுபடி மாட்டுகிறது. என் ஃபோன் நின்று நின்று அடிக்கிறது. யேசுதாஸ் அய்யா வந்து கல்லறை மேல் கிடந்த ஃபோனைக் குனிந்து பார்த்தார்.

"யம்மா, யாரோ சாமுன்னு கூப்புடறாரு. எடுத்துப் பேசுங்க, பாவம் மனுஷன் எம்மா நேரமா அடிச்சிக்கினு கெடக்காரு."

நான் பைக்குள்ளேயே துழாவிக்கொண்டிருந்தேன். அவரே எடுத்து, "ஹலோ" என்றார். உன் ஃபோனுக்குத்தான் சத்தம் அதிகமாயிற்றே. என் பையும் "ஹலோ" என்றது. அவர் ஒரு எட்டு பின்னால் போனார். பையை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யம்மா, சாமு சாரு உங்க பையிலதான் கீறாரு."

அதுக்கப்புறம் படகுத்துறையில் போய் உட்கார்ந்து செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவள் என்னைத் திட்டின திட்டை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. புடவை கிழிந்ததற்கு ஒரு திட்டு, உசுரு போய் வந்ததற்கு ஒரு திட்டு. அப்புறம், "இன்னாத்துக்குக்கா இப்டி செஞ்ச?" என்றாள்.

"உன்ன உன் ஊட்டுக்காரு தேடறாரு. எனக்கு எரியுதுடி" என்றேன்.

"தேடறானா? நல்லா கீதுக்கா உன் கத. கேன்டீனே உன்னப் பாத்து எரிஞ்சிகினு கெடந்துச்சு, தெரியுமா? சாம்சன் அண்ணன் துணியத் தானே தொவைக்கும், சோத்தத் தானே போட்டுக்கும். நீ சொந்தக்காரங்க ஊட்டுப் பிரசவம் பாக்கப் போயி ஒரு மாசம் கழிச்சு வந்தாலும் உன் ஊடு வச்சது வச்ச மாதிரி இருக்கும். நான் எத்தினி நாளு அந்த எரிச்சல்ல குப்புராஜுக்கு சோத்த வேகாம போட்டுக்கிறேன்" என்றாள்.

உன் சாவுக்கு வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். யாருக்கும் ஒரு தொந்தரவு குடுக்காத மனுஷன் என்று. நானும் தலையை ஆட்டிக்கொண்டு அழுதேன். தொந்தரவு குடுக்காத புருஷன் போன பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்று அவர்களுக்கு என்ன தெரியும்? குப்புராஜ் நாளைக்கே போனாலும் செண்பகத்துக்கு ஆயுசுக்கும் திட்டுவதற்கு இருக்கிறது.

அப்போது என் ஃபோன் அடித்தது. ரெண்டு பேரும் பையைத்தான் பார்த்தோம். இல்லை, நிஜமாகவே குப்புராஜ். ஸ்பீக்கரில் போட்டேன். "யக்கா, செம்பகம் ஃபோனு போவல. எத்தினியோ வாட்டி போட்டுட்டேன். அவளுக்கு ஒண்ணும் இல்லியே?" என்றான்.

"செத்துட்டேன்னு சொல்லு" என்றாள் செண்பகம். சொன்னவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் ஃபோனைப் பிடுங்கி, "யோவ், உசுரோடதான் கீறேன். இங்க பாரு, இனிமே நீ எனக்கு அடிக்கறதுல பாதி அக்காவுக்கு அடிக்கணும்" என்றாள்.

"அவங்களாண்ட இன்னா கேக்கறது?"

"எங்கிட்ட இன்னா கேக்கறியோ அதத்தான்."

இவ்வளவுதான் நடந்தது. இறால் வாங்கிக்கொண்டு பொழுதோடு வீடு வந்து சேர்ந்தோம். இனி எனக்கு யார் மேலும் பொறாமை இல்லை. உன் ஃபோனை அணைத்து உன் பைபிளோடு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். இந்த மாசத்தோடு ரீசார்ஜையும் நிறுத்தப் போகிறேன். நம்பர் போனால் போகட்டும், நீயே போய்விட்டாய். பரலோகத்தில் உன் பக்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். டச்சுக்காரர்களைப் பார்த்தால், கல்லறை மேல் ஃபோனைப் போட்டது நான் இல்லை, செண்பகம் என்று சொல்லு. ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

உன் மனைவி,
ஞானசுந்தரி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கடைசியில் உள்ளதை நம்பாதே. குப்புராஜ் சொன்ன பேச்சைக் காப்பாற்றுகிறான். புளி எங்கே என்று கேட்கிறான், அவன் வீட்டுப் புளி எங்கே என்று எனக்கெப்படித் தெரியும்? வாளி எங்கே, தீப்பெட்டி எங்கே, அவன் சட்டையில் எந்தப் பக்கம் பட்டன் அறுந்திருக்கிறது, எல்லாம் என்னைத்தான் கேட்கிறான். காது சூடாகிப்போகிறது. நேற்று செண்பகம் மாதிரியே கத்தினேன். பேஜாருதான். அப்பவாவது என் எரிச்சல் அடங்க வேணாமா? அடங்கல, சாமு. அவன் ஒவ்வொண்ணா கேக்கக் கேக்க இன்னும் ஜாஸ்தியாத்தான் எரியுது. காலையிலேயே கடைக்குப் போய் உன் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டேன், ஃபோன் இப்போ என் மடியிலதான் இருக்கு. என் அடுப்படியப் பத்தி உனக்குத் தெரியும், எதையும் ஒரு இடத்துல வைக்கமாட்டேன், இன்னிக்கு உப்பு ஜன்னலாண்ட இருந்தா நாளைக்கு அரிசி மூட்டைக்குப் பின்னால. நீ ஷிப்டு முடிஞ்சு வந்து, என்னை எழுப்பாம, பாத்திரம் ஒண்ணு சத்தம் கேக்காம, தானே ஆக்கித் தின்னுட்டுப் படுப்பே. இத்தனை வருஷத்துல ஒரு தரம்கூட உப்பு எங்கன்னு எங்கிட்ட கேக்காம, நீ எப்படிய்யா கண்டுபிடிச்சே?