லெம்பிக்கு ஒரு டிரெய்லர்

டிரெய்லரின் கூரை வளைவில் அழுத்திப் பிடித்திருந்த பிர்ச் மர பிளைவுட் ‘டப்’பென்று இரண்டாகப் பிளந்தது. ஆர்வோ உடனே மரக்கடைக்குப் போன் போட்டார்.

“டுவேன், வளையும்னுதானே சொன்னே?”

“வளையும்ணே. மர ரேகைக்குக் குறுக்கா வளைச்சீங்களா, நீளவாக்குலயா?”

“நீளவாக்குல.”

“போச்சு போங்க!”

அமெரிக்காவில் மிச்சிகனின் வடகோடியில் முப்பது வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர் ஆர்வோ. ஊருக்கெல்லாம் வழி திறந்துவிட்ட மனுஷர், மனைவி லெம்பியை எங்கேயும் அழைத்துப் போனதில்லை. பனியில்லாத ஜனவரி எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வசந்தத்தில், காரில் இழுத்துப் போகும் பழைய வீட்டு டிரெய்லர் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “பனி விழறதுக்குள்ள அரிசோனா வெயிலுக்குப் போயாகணும். உள்வேலையை முடிச்சுக் குடு.” அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. இதிலும் கோட்டை விட்டால் அவள் மனசு விட்டுப்போகும் என்று ஆர்வோவுக்குப் பயம்.

அடுத்த பலகையைப் பதப்படுத்துகிறேன் பேர்வழி என்று வீட்டு நீராவிக் குளியலறையான சௌனாவுக்குள் வைத்து நீராவி ஏற்றினார். பசை விட்டு, ஏடு ஏடாகக் கழன்று வந்தது.

லெம்பி துண்டோடு வாசலில் நின்றாள். “ஏம்ப்பா, சனிக்கிழமை சௌனால எனக்கு இடமில்ல, பலகை குளிக்குதா?”

“உனக்காகத்தான் லெம்பி…”

“ஆமா, எல்லாம் எனக்காகத்தான்.”

மெல்லிசே வேண்டாம் என்று கனமான பிர்ச் பலகை வாங்கிச் சுவர், அலமாரி எல்லாவற்றுக்கும் அடித்தார். டிரெய்லரைக் கொக்கியில் மாட்டியதும், கனம் தாங்காமல் காரின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டது.

பார்க்க வந்த டுவேன் சிரித்தான். “அண்ணே, இது டிரெய்லரா, தேவாலயமா?”

ஆர்வோவுக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனையையும் பிடுங்கிப் போட்டு, மெல்லிய பலகையை இந்தத் தடவை ரேகைக்குக் குறுக்காக வளைத்தார். சொன்ன பேச்சைக் கேட்டு வளைந்தது. அரக்கு வார்னிஷ் பூசியதும் சுவரெல்லாம் தேன் நிறத்தில் மின்னியது. வானம் வெளுத்துப் பனிக்குத் தயாராகியிருந்தது. பாக்கி கட்டில் பலகை ஒன்றுதான். “உனக்கு அளவெடுக்க வராது” என்று ஆர்வோவை ஒதுக்கிவிட்டு, லெம்பியே கடைக்குப் போன் பண்ணி அளவு சொல்லியிருந்தாள்.

வந்த பலகை பாதி அகலம்தான் இருந்தது. ஆர்வோ அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்.

“கடைசி நேரத்துல கழுத்தறுத்துட்டியேடா டுவேன்! இதுல நாங்க ரெண்டு பேரும் எப்படிப் படுக்கிறது?”

டுவேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“அளவு சரிதாண்ணே. நானும் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒரு ஆளுக்குத்தான்னு அண்ணி சொல்லிட்டாங்க.”