மிச்சம் பிடித்த ஐந்து விரற்கடை

படத்துக்குச் சட்டம் போடப் போகிறவர்களில் ஓர் இனம் உண்டு. படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இவர்களுக்குச் சந்தோஷம்; சட்டத்தின் விலை மட்டும் சிறிதாக இருக்க வேண்டும். இவர்களை நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தச் சட்டக்கடை வாசலிலும் பத்து நிமிஷம் நின்றால் போதும். குடையை மடக்காமலே ஒருவர் உள்ளே நுழைந்து, "வாங்க வரல, சும்மா வெல கேட்டுட்டுப் போவலாம்னு" என்று தொடங்கி, மரத்தை விரல் முட்டியால் தட்டி, மோந்து பார்த்து, ஒற்றைக் கண்ணை மூடி ஓரம் நேராக இருக்கிறதா என்று நோட்டம் விட்டு, தச்சனுக்கே தெரியாத நாலு குறைகளைச் சொல்லி முடித்து, கடைசியில் விலையைக் கேட்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார். அவர்தான்.

பாளையங்கோட்டைக் குமாஸ்தா அப்பாத்துரை இந்த இனத்தில் முதல் தரம். கஞ்சர் என்று சொன்னால் நமக்குப் பாவம். வெள்ளிப் பூண் போட்ட குடை வைத்திருந்தார். அவர் செருப்பு மதுரையிலிருந்து வந்தது. தம்மோடு தெருவில் வருகிற பொருளுக்கு அவர் கணக்குப் பார்த்ததே கிடையாது. வீட்டுச் சுவரில் சும்மா நிற்கப் போகிற பொருளுக்கு எதற்குச் செலவு என்பதுதான் அவர் கேள்வி.

தில்லியில் முடிசூட்டு விழா நடந்த மறு வருஷம், அவர் மனைவி சாலோமி ஒரு சித்திரம் தைத்து முடித்தாள். முரட்டுத் துணியில் கம்பளி நூலும் பட்டு நூலுமாகப் பதினோரு மாத வேலை. ஆற்றுப் பாலம், பாலத்தின் மேல் கூண்டு வண்டிகள், பின்னால் கோயில் கோபுரம் ஒன்று, அடியில் தாமிரபரணி, தண்ணீருக்குள் சிவப்புப் பட்டில் அவள் பெயர். சிறுமியாக இருந்தபோது மிஷன் பள்ளிக்கூடத்தில் அவள் பின்னிய சரிகையெல்லாம் துரைசானி அம்மாள் பெட்டியில் கட்டிக் கப்பலேற்றினாள். ஒன்றில்கூட அவள் பெயர் போகவில்லை. இந்த ஒன்றையாவது பெயரோடு நாலு பேர் பார்க்க வேண்டும் என்று சாலோமி ஆசைப்பட்டாள். சர்ச்சில் அறுப்பின் பண்டிகையன்று பெண்கள் கைவேலைக்கென்று தனி மேசை போடுவார்கள். சட்டம் போட்டுக் கொடுத்தால்தான் மேசையில் இடம்.

அப்பாத்துரை படத்தைச் சுருட்டிக்கொண்டு வீரராகவபுரத்தில் ஷேக் மைதீன் கடைக்குப் போனார். மைதீன் விரித்தார், அளந்தார், தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல வேலை, அண்ணாச்சி. நாலரை ரூவா ஆகும்."

"நாலு குச்சி, ஒரு கண்ணாடி. இதுக்கு நாலரையா வே?"

"குச்சி தேக்கு. கண்ணாடி தூத்துக்குடியில கப்பல்ல வந்து எறங்குது. அஞ்சு வந்தா ரெண்டு ஒடைஞ்சிருது. அதுக்கும் சேத்துத்தான வெல வைக்கோம்."

"ஒடைஞ்ச கண்ணாடிக்கு நான் எதுக்கு வே குடுக்கணும்?"

மைதீன் அளவுகோலை மடக்கி வைத்தார். அப்பாத்துரை மூன்று முறை கடையை விட்டு இறங்கினார். மூன்று முறையும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. மூன்றாம் முறை தாமாகவே ஏறி வந்தபோதுதான் மூலையில் சாய்த்திருந்த தங்கப் பூச்சுச் சட்டம் கண்ணில் பட்டது.

"அது களக்காட்டு மிராசுதாரர் ஒருத்தரு ராஜா ராணி படத்துக்குச் செய்யச் சொன்னது. எடுக்க வரவே இல்ல. ஒண்ணேகால் ரூவாய்க்குத் தாரேன். ஆனா ஒங்க படம் ஒசரத்துல அஞ்சு வெரக்கடை கூடுதல்."

"சட்டத்தைப் பெருசாக்க முடியாதா?"

"முடியாது."

"படத்தை மடிச்சு வைக்கலாம்லா?"

"கம்பளி மொத்தமா இருக்கு. மடிச்சா பின்பலகை ஒக்காராது."

அப்பாத்துரை யோசித்தார். அவர் தலைக்குள் நடந்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சக்கரவர்த்திக்கும் சக்கரவர்த்தினிக்கும் போதுமான அளவு ஒரு குமாஸ்தாவின் பெண்சாதிக்குப் போதாதா? மேலே வெட்டினால் கோபுரம் போகும். கிறிஸ்தவர் ஒருவர் கோபுரத்தில் கை வைத்தார் என்று ஊர் பேசும். நடுவில் பாலம், அது சர்க்கார் சொத்து. மிஞ்சியது அடியில் இருக்கும் தண்ணீர். சித்திரை பிறந்தால் ஆற்றிலேயே தண்ணீர் குறைகிறது, படத்தில் குறைந்தால் என்ன? பெயர்? வீட்டில் தைத்தது யார் வீட்டுப் பொருள் என்று ஊருக்குத் தெரியாதா?

"கத்தரிக்கோலை எடும் வே."

"நான் வெட்ட மாட்டேன், அண்ணாச்சி. தைச்ச கை வந்து கேட்டா எனக்குப் பதில் இல்ல."

அப்பாத்துரையே வெட்டினார். சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் வந்தபோது கை ஒரு நொடி நின்றது; மூணேகால் ரூபாய் மிச்சம் என்று நினைத்துக்கொண்டதும் மறுபடி நகர்ந்தது. வெட்டின துண்டை எறியவும் அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து சாலோமியிடம் கொடுத்தார்.

"ஏளா, ஊசி குத்தி வைக்க ஒதவும், வச்சுக்கோ."

சாலோமி துண்டை வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதும் இந்த இனத்தின் பழக்கம்.

பண்டிகை நாளில் மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். எல்லாரும் தங்கப் பூச்சைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். என்ன விலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பாத்துரை பேரம் பேசிய கதையை முதலிலிருந்து சொன்னார். பரிசுப் பட்டியல் எழுதியவர் படத்தின் நாலு மூலையிலும் பெயரைத் தேடினார், கிடைக்கவில்லை. "இது யாரு வேலை?" என்று கேட்டார். "நம்ம வீட்டுதுதான்" என்றார் அப்பாத்துரை. பட்டியல்காரர் எழுதிக்கொண்டார். சாயங்காலம் முதல் பரிசை வாசித்தார்கள்: குமாஸ்தா அப்பாத்துரை. கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சாலோமியும் தட்டினாள்.

திங்கட்கிழமை அப்பாத்துரை கச்சேரி வேலைக்குப் போனதும், சாலோமி துண்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டி பேசி வீரராகவபுரம் போனாள்.

"பாய், இதுக்கு அளவெடுத்துச் சட்டம் போடணும். தேக்கு. நல்ல கண்ணாடி. பேரம் பேச மாட்டேன். ரூவா அவுக தருவாக."

மைதீன் துண்டைப் பார்த்தார். சிவப்பு எழுத்தைப் படித்தார். பிரிந்து நின்ற நூல்களை ஒவ்வொன்றாக உள்ளே ஒதுக்கி ஒட்டினார். மறுவாரம் தாமே கொண்டுவந்து மாட்டிவிட்டு, அப்பாத்துரையிடம் கைநீட்டினார்.

"மூணரை ரூவா, அண்ணாச்சி."

"அஞ்சு வெரக்கடைத் துண்டுக்கா?"

"ஒசரம் அஞ்சு வெரக்கடைதான். நீளம் முழுசா இருக்குல்லா."

முதலிலேயே கேட்ட நாலரைக்கு மேல் நாலணா கூடுதலாகப் போயிற்று. அதுகூடப் பெரிதில்லை. சுவரில் இப்போது தங்கப் பூச்சுக்குள் பாலம். அதற்கு அடியில் தேக்குச் சட்டத்துக்குள் தனியே கொஞ்சம் தண்ணீரும் சாலோமி என்ற பெயரும். வீட்டுக்கு வருகிறவர் எவரும் மேலே உள்ளதைப் பார்ப்பதில்லை. "இது என்னத்துக்கு அண்ணாச்சி தனியா?" என்றுதான் கேட்கிறார்கள். அப்பாத்துரை தேக்கின் விலையிலிருந்து பேச்சைத் தொடங்குவார். சாலோமி காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டே, "வெட்டினதைச் சொல்லுங்க" என்பாள், ரொம்பப் பைய.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டு வந்த நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் கலியாணப் போட்டோவுக்கு முன்னால் போய் நில்லுங்கள். ஓரத்தில் ஒரு தோள் தெரியும். அந்தத் தோளுக்குரிய முகம் இருக்காது. அது யாருடையது என்று உங்களுக்கு மறந்திருக்கலாம். உள்ளே அடுப்படியில் இருக்கிறவரைக் கேளுங்கள். அது தம்முடைய அக்காள் என்பதும், அன்றைக்குச் சட்டச் செலவில் நீங்கள் மிச்சம் பிடித்தது எத்தனை அணா என்பதும் அவருக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கும்.