நேம் பிளேட்டைப் பார்க்காமல் போட்ட போன்

எந்தப் பொருளையும் முதலில் பின்பக்கம் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் வருகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் ஆலையில் வேலை பார்த்தார். மறுப்பவர்கள் அவரோடு ஒரு நாள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எங்களுக்கு அவர் பிளேட்டு. இரும்புக் கம்பி செய்கிற அந்த ஆலையில் அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், நான் வருகைக் கணக்கு எழுதுகிற டைம் ஆபீஸ் கிளார்க். ஒவ்வொரு மெஷினின் முதுகிலும் ஒரு தகடு அறைந்திருப்பார்கள். யார் செய்தது, எத்தனை வோல்ட், ரிப்பேர் என்றால் எந்த நம்பருக்குப் பேசுவது, எல்லாம் அதில் இருக்கும். அந்த நேம் பிளேட்டைப் படிக்காமல் அவர் ஸ்பேனரைத் தொடமாட்டார். மோட்டார் புகைந்துகொண்டிருக்கும், மேனேஜர் குதித்துக்கொண்டிருப்பார். இவர் தகட்டைத் துடைத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, நிதானமாக எழுத்துக்கூட்டுவார்.

ஆலையோடு விட்டாரா? மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் டேபிள் ஃபேனைக் கவிழ்த்துப் பார்த்தார். சீர் விசாரிக்கிறார் என்று நினைத்துப் பெண் வீட்டார் முகம் சுளித்தார்கள். கவரைப்பேட்டையில் ஒரு சாவு வீட்டில், பிணம் வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பாவம், ரொம்ப உடைந்துபோய்விட்டார் என்று எல்லோரும் உருகினார்கள். கடைசியில் எழுந்து வந்து, "இந்தப் பொட்டி இழுக்கிற கரண்ட்டுக்கு உங்க ஊட்டு ஒயரு தாங்காது. தனி லைன் போடுங்க" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. அரை மணி நேரத்தில் ஒயர் புகைந்தது. ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவரைத்தான் தேடினார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மெஷினில் கை வைக்கும்முன் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். உள்ளே ஒருவன் கைவிட்டிருக்கும்போது இன்னொருவன் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாதல்லவா? நல்ல ஃபிட்டர்கள் எல்லோரும் செய்வதுதான். இவர் சில நாள் அதைப் பையோடு வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார். அடுத்த ஷிஃப்ட்காரர்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரிப்பார்கள்.

அப்போது எங்கள் ஆபீஸுக்கு இன்டர்நெட் வந்த புதிது. கூடவே எனக்குத் தலைக்கனமும் வந்திருந்தது. எது கேட்டாலும் நெட்டில் தேடிச் சொல்கிறேன் என்பேன்.

ஒரு நாள் காலை, ஃபர்னஸில் வேலை செய்கிற அந்தோணி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். எளாவூர்க்காரர். மனைவிக்கு வயிற்றில் கட்டி. மறுநாள் திருவள்ளூரில், தொழிலாளர் இன்சூரன்ஸில் ஆபரேஷன். அவர் எங்களிடம் வேலை செய்கிறார் என்பதற்கான சான்றும் வருகைப் பட்டியலும் அன்று மாலை ஐந்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தேதி தள்ளிப்போகும்.

"தள்ளக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிக்கிறாரு சார். அவ தாங்க மாட்டா" என்றார்.

பட்டனை அழுத்தினேன். பிரிண்டர் ஒருமுறை முனகிவிட்டு நின்றது. அணைத்துப் போட்டேன், தட்டினேன், கெஞ்சினேன். பிறகு நெட்டில் பிரிண்டரின் பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று அடித்து, முதலில் வந்த நம்பருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எந்தக் கம்பெனி முதல் மணியில் எடுக்கிறது?

வாய்க்கு வாய் 'சார்' போட்டு இங்கிலீஷில் ஒருவன் பேசினான். எதையோ அடிக்கச் சொன்னான். திரை முழுக்கச் சிவப்பு சிவப்பாகக் குறிகள். அத்தனையும் வைரஸாம். பிரிண்டர் மட்டுமில்லை, தொழிலாளர்களின் விவரம் மொத்தமும் இன்றைக்கே அழிந்துவிடுமாம். அவன் சொன்ன எதையோ இறக்கிக்கொண்டேன். மவுஸைத் தொடாமலே அம்புக்குறி நகர ஆரம்பித்தது. எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று நான் வியந்துகொண்டிருக்கும்போதே கிரெடிட் கார்டு நம்பரைக் கேட்டான். பர்ஸை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து கேட் பாஸ் வாங்க பிளேட்டு உள்ளே வந்தார்.

"இன்னா சார், அம்பு தானா ஓடுது?"

"பிரிண்டர் கம்பெனிக்காரங்க சரி பண்றாங்கண்ணா."

"ரிப்பேரு பிரிண்டர்ல. அவன் இன்னாத்துக்குக் கம்ப்யூட்டர் உள்ள பூந்துகினு கீறான்? நம்பரு எங்க எடுத்த?"

"நெட்லண்ணா."

"பிளேட்ல பாக்கல?"

"ஐயோ, நேரமில்லண்ணா. அந்தோணி நிக்கிறார் பாருங்க!"

அவர் குனிந்து, கம்ப்யூட்டருக்குப் போகிற நெட் ஒயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அம்புக்குறி அப்படியே நின்றது. போனில் அதுவரை தேனாக ஒழுகிய குரல் ஒரே நொடியில் என் தாயாரை வம்புக்கு இழுத்தது. மீதியை இங்கே எழுத முடியாது.

பிளேட்டு பிரிண்டரைத் தூக்கிக் கவிழ்த்தார். மைத்தூள் கொட்டி அவர் சட்டையெல்லாம் கரி. அடியில் இருந்த தகட்டிலிருந்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் போன் போட்டேன். பாட்டு வந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பாட்டு மட்டும்தான் வந்தது.

"காக்க வெக்கிறான் பாரு நைனா, இவன்தான் நெஜ கம்பெனி" என்றார்.

கடைசியில் ஒரு பெண், களைத்த குரலில், பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னாள். உள்ளே விரலளவு கிழிந்த காகிதம் சிக்கியிருந்தது. எடுத்ததும் பிரிண்டர் ஓடியது. அந்தோணி காகிதங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆள் வந்து கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து, நான் பாஸ்வேர்டை எல்லாம் மாற்றும்வரை மூன்று நாள் அந்த ஒயர் பிளேட்டின் பையிலேயே இருந்தது. மேனேஜர் வந்து, நெட் ஏன் வேலை செய்யவில்லை, யார் கை வைத்தது என்று கத்தினார். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"பிரேக்டவுன் சார். நான்தான் கயட்டி வெச்சிகினு கீறேன்" என்றார் பிளேட்டு.

"உனக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று தொடங்கி மேனேஜர் கால்மணி நேரம் திட்டினார். அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். நம்பரைத் தேடியது யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தோணி மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆலைக்கு வந்தார். மெலிந்திருந்தாலும் தானாக நடந்து வந்தார் அந்த அம்மா. நேராக என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க மட்டும் அன்னிக்குப் பேப்பர் குடுக்கலன்னா நான் இல்ல சார்."

பிளேட்டு என் பக்கத்திலேயே கை துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான், "பரவால்லம்மா, உடம்பைப் பாத்துக்கோங்க" என்று பெரிய மனிதனாகச் சொல்லி அனுப்பினேன். அவரோ அந்த அம்மாவிடம், "சாப்ட்டியாம்மா? வெயில்ல நிக்காத" என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மா கும்பிட்டது உங்களைத்தான், அண்ணா. அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.