சிரிக்காத பன்றியின் குற்றம்

தென்கொரியாவின் தேகு நகர ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் டாக்சி நிறுத்தத்தில் இன்று திருவிழாக் கூட்டம். இன்ஜினுக்குள் மண்டிய கசடை ஒரே ஊற்றில் வெளியே தள்ளும் பூண்டு வினிகர்! ஒட்டிக்கொண்ட வால்வெல்லாம் தானே விடுபடுமாம். காய்ச்சியவர் இன்ஜின் சித்தர் பியோங்சிக். சித்தர் பஸ்ஸில்தான் வருவார், சொந்த வண்டி கிடையாது. அதையும் துறவு என்றோம்.

சடங்கு எளிது. பானெட் மேல் வெந்த பன்றித் தலை (சிரித்த முகமாய் இருந்தால்தான் ராசி), சக்கரத்துக்கு அரிசிக் கள், விழுந்து கும்பிடு. பிறகு சித்தர் ஜாடியைச் சிவப்புத் துணியால் மூடியபடியே மருந்தை ஊற்றுவார். வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடுமாம். சற்று நேரம் இன்ஜினை ஓடவிட்டு அடியில் ஆயில் திருகைத் திறந்தால் ஆயில் மைபோலக் கறுப்பாய்க் கொட்டும். "பாத்தீங்களா கசடை!" என்பார். நாங்கள் புல்லரித்துப் போவோம்.

போன வாரம் எங்கள் நிறுத்தத்து டிரைவர் கிபோங்கின் வண்டி மருந்து குடித்தது. மறுநாளே இன்ஜின் இறுகி நடுரோட்டில் நின்றது. "நீ கொண்டாந்த பன்றி சிரிச்ச முகமா இல்லப்பா" என்றார் சித்தர். கிபோங் பன்றியைத்தான் திட்டினான்.

இன்று மல்சுன் அக்காவின் முறை. அவள் டாக்சி டக்டக்கென்று தட்டுகிறது. அது நின்றால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. அக்கா பன்றித் தலை கொண்டுவரவில்லை. ஒரு பாட்டில் சமையல் எண்ணெயோடு வந்தாள்.

"சாமி, மொதல்ல இதுல ஊத்துங்க. புதுசு, மூடி கூடத் திறக்கல. இதுல கசடு இல்ல. அப்ப கறுக்கக் கூடாதுல்ல?"

"மருந்தை அவமானப்படுத்தாதேம்மா!"

"பயமா இருக்கா?"

கிபோங்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊத்துங்க சாமி! இந்த அக்கா வாயை அடைங்க!" கூட்டமும் கத்தியது. பக்தர்களே பிடரியைப் பிடித்துத் தள்ளினால் சித்தர் எங்கே போவார்? ஊற்றினார். அக்கா பாட்டிலைக் குலுக்கினாள். எண்ணெய் கன்னங்கரேலென்று ஆனது.

"அது... எண்ணெய் ஆட்டின செக்குல இருந்த கசடு" என்றார் சித்தர். ஒருவன் தலையாட்டவும் செய்தான்!

அக்கா துணியை உருவி ஜாடியைக் கவிழ்த்தாள். வினிகரோடு அடுப்புக்கரித் தூள் கொட்டியது.

"இந்தக் கரித்தண்ணியையா என் வண்டிக்கு ஊத்த வந்தே?" என்று சீறினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "காலாகாலத்துல ஆயில் மாத்தாம பன்றியைக் கும்பிட்டா வால்வு ஒட்டாம என்னடா செய்யும்?" டக்டக்கென்று வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

சித்தர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். கிபோங்கின் வண்டி இன்னும் அசையவில்லை.

பன்றியின் தலையையாவது கத்தி வைத்து வெட்டினார்கள். எங்கள் தலையை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். உங்களுடையது இன்னும் கழுத்தில்தானே இருக்கிறது? ஒருமுறை பயன்படுத்திப் பாருங்களேன்.