ஒன்லி கட்டிங்

ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் குடிகாரர் என்று பெயரெடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். எல்லோருக்கும் அவர் வெறும் 'கட்டிங்'. குவார்ட்டரை இரண்டு பேர் பாதி பாதியாகப் பங்கு போடுவதற்கும் ஒயின்ஷாப் வாசலில் அதே பெயர் இருந்தது அவருடைய ஜாதகக் கோளாறு.

அவர் மகளுக்கு அருள்புரத்தில் பிரிண்டிங் பட்டறை வைத்திருப்பவர் வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பையனின் அப்பா விசாரிக்கலாமென்று கம்பெனிக்குப் போன் போட்டார். எங்கள் ஆபீஸ் பெண் வெள்ளந்தியாகச் சொன்னாள்: "காலைல ஒரு கட்டிங் முடிச்சுட்டாருங்க. சாயங்காலத்துக்குள்ள இன்னும் ரெண்டு முடிச்சாத்தான் தூங்குவாருங்க." பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. கட்டிங் வாடிப்போனார்.

இந்தச் சமயத்தில்தான் சாயமும் மையும் விற்கிற ஏஜெண்ட் ஒருவர், தன் வாடிக்கையாளர்களைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய் உல்லாசக் கப்பலில் ஏற்றினார். எங்கள் முதலாளிக்குப் பரிசலே ஆகாது. தன் டிக்கெட்டைக் கட்டிங்கிடம் கொடுத்து, துணைக்கு என்னையும் சேர்த்து ஆபீஸ் ஆட்கள் நாலைந்து பேரையும் அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் அருள்புரம் பிரிண்டிங்காரரும் இருந்தார்.

"நல்லதாப் போச்சுங்க, நேர்ல பாத்து நான் எப்படியாப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சுக்கட்டும்" என்றார் கட்டிங்.

தெரிந்துகொண்டார்.

கட்டிங்குக்கு வேஸ்டேஜ் ஆகாது. துணியில் விரலகலம் மிஞ்சினாலும் சோறு இறங்காது. துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஏஜெண்டின் ஆள் அறிவித்தான்: ஆளுக்கு ஒரு ஒயின் பாட்டில் கப்பலுக்குள் கொண்டுபோகலாம், மற்ற சரக்கையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். கட்டிங் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப என்ர ஒரு பாட்டிலு?"

"நீங்கதான் குடிக்க மாட்டீங்களே மாஸ்டர்?"

"அதுக்காக கோட்டாவ வேஸ்ட் பண்றதுங்களா?"

இறங்கிப்போய், கடையில் சிவப்பாக இருந்ததில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்களோ கப்பல் பார் விலைக்குப் பயந்து ஆளுக்கொரு விஸ்கி வாங்கியிருந்தார்கள். கண்ணில் படாமல் போய்விடும் என்று நப்பாசை. அவர்கள் பாட்டில்களைக் கண்டபடி பையில் திணிப்பதைக் கட்டிங்கால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முகம் துடைக்கக் கொண்டுவந்திருந்த, தைக்காமல் கழித்துப் போட்ட டீ-சர்ட் கைகளை எடுத்தார். பாட்டிலுக்கு ஒரு கை, கைக்கு ஒரு நிறம். தலைமாடும் கால்மாடுமாக, துணியில் பேட்டர்ன் போடுவதுபோல ஊசி போக இடமில்லாமல் மொத்தத்தையும் தன் பைக்குள் அடுக்கினார். "பாருங்க, இத்தனூண்டு எடங்கூட வேஸ்ட் இல்லீங்க!"

கப்பல் வாசலில் மிஷின் கத்தியது. சீருடைப் பெண்மணி பையைத் திறந்து ஒவ்வொரு கையாக உருவினாள். பாட்டில் பாட்டிலாக வந்தது. வரிசையில் நேர் பின்னால் பிரிண்டிங்காரர். எங்கள் ஆட்கள் கடலைப் பார்த்தார்கள்.

"எல்லாம் உன்னுடையதா?" என்று இங்கிலீஷில் கேட்டாள் அவள். கட்டிங் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கம்பெனியில் கற்ற இங்கிலீஷை எடுத்து விட்டார்.

"சாம்பிள் மேடம். நோ புரொடக்சன்."

"இவ்வளவும் குடிப்பாயா?"

அவருக்குப் பதறிவிட்டது. தொழிலைச் சொன்னால் மானம் தப்பும் என்று நினைத்தார் போலும். கப்பலுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "நோ டிரிங்கிங் மேடம்! ஒன்லி கட்டிங்!"

பிரிண்டிங்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

விஸ்கியெல்லாம் சீட்டு ஒட்டி உள்ளே போனது. ஒயின் மட்டும் கட்டிங்கிடம் தங்கியது. சாயங்காலம் மேல்தளத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், பிரிண்டிங்காரர் அந்தப் பக்கம் வரவும் எழுந்தார்.

"ஏனுங்க, சத்தியமா நான் தொடறதில்லீங்க. கோட்டா வீணாப் போகுதேன்னு வாங்கினது. நீங்க ஒரு வாய் சாப்புடுங்க."

பிரிண்டிங்காரர் நம்பவில்லை. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டிங் மூடியைத் திருகினார். அசையவில்லை. மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்து உள்ளே பார்த்தவர் திடுக்கிட்டார்.

"மூடி போடாம கட்டையத் திணிச்சு அனுப்பிச்சிருக்கானுங்க! ரிஜெக்ட் பீஸுங்க இது!"

பரிமாறுகிற பையன் வந்து அந்தக் கட்டையைத் திருகி எடுத்தான். கட்டிங் பெரிய கிளாஸ் ஒன்றைத் தளும்பத் தளும்ப நிரப்பினார். இன்னொரு கிளாஸை இடது கையில் எடுத்தார். இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு, ஒரு முழ உயரத்துக்கு நுரை வர இழுத்து ஆற்றினார். மரியாதையாகக் குனிந்து கேட்டார்:

"சக்கரை போடோணுங்களா?"

பிரிண்டிங்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நிறுத்தினார். கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் காலி செய்தார்.

"வேண்டாமுங்க. எங்க ஊட்டுல குடிக்கறதுக்கு நான் ஒருத்தன் போதும்னுதான் இந்த விசாரணையே. இன்னும் கொஞ்சம் ஆத்துங்க, சம்மந்தி."

'சம்மந்தி' காதில் விழுந்ததும் கட்டிங் ஆற்றிய ஒயின் கிளாஸைத் தாண்டித் தரையில் விழுந்தது. அன்று அவர் கையால் சிந்திய ஒரே வேஸ்டேஜ் அதுதான்.

இறங்கும்போது திரும்பி வந்த பாட்டில்களை அவரவர் நிறக் கையில் போட்டு, ஒன்றுகூட மாறாமல் கொடுத்தார். என் பாட்டில் எப்போதோ காலியாகிவிட்டது. அந்த மெரூன் கையால்தான் இன்றைக்கும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். எறிந்துவிட்டேன் என்று கேள்விப்பட்டால் மனுஷன் தாங்க மாட்டார்.