வாளி விசாரணைக் குழு

ஓர் அலுவலகத்தின் நாகரிகத்தை அதன் கடிதங்களில் புழங்கும் ஆங்கிலக் கொச்சையைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்பது என் தாழ்மையான துணிபு. அந்த அளவுகோலில் எங்கள் ஆறு மாடிக் கட்டடத்துக்கு நிகரே கிடையாது. கடைநிலை ஊழியர் எந்தப் புகார் சொன்னாலும், தலைமை எழுத்தராகிய நான் அதை ஆங்கிலமாக்கிய பிறகுதான் மேலதிகாரியின் மேஜைக்குப் போகும். தமிழிலேயே போனால் அது புகார் அல்ல, 'புலம்பல்'.

ஒரு திங்கட்கிழமை லிஃப்ட்காரர் என் முன்னால் வந்து நின்றார்.

"சார், லிஃப்டோட இரும்புக் கயிறு புரி புரியாப் பிரிஞ்சு வருது. எந்த நேரமும் அறுந்துடும். நிறுத்தச் சொல்லுங்க சார்."

கேட்கவே கூசியது. இவ்வளவு பச்சையாகவா ஒரு விஷயத்தைச் சொல்வது? கொச்சை அகராதியைப் புரட்டி, 'நமது லிஃப்ட் வாளியை உதைக்கப் போகிறது' என்று அழகான ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். இங்கிலீஷ்காரர்கள் சாவதை அப்படியும் சொல்வார்கள். ஏன் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாது என்பதுதான் அதன் பெருமை.

மேலதிகாரி ஆடிப்போனார்.

"லிஃப்டுக்குள்ள வாளியை வெச்சது யாருய்யா?"

உடனே 'வாளி விசாரணைக் குழு' அமைந்தது. செயலாளர் அடியேன். முதல் கூட்டத்தில் துப்புரவுப் பிரிவின் பதினொரு வாளிகளும் பரிசோதிக்கப்பட்டன. எதிலும் உதைபட்ட தடம் இல்லை. அகராதியைக் காட்டி நான் பொருளை விளக்கியதும், இரண்டாவது கூட்டம் தொடரின் பிறப்பை ஆராய்ந்தது.

"தூக்குப் போட்டுக்கிறவன் வாளி மேல ஏறி நின்னு, அதை எட்டி உதைப்பானாம்," என்றார் சட்ட ஆலோசகர்.

"இல்லவே இல்ல. பன்னியைத் தலைகீழாக் கட்டித் தொங்கவிடுற உத்தரத்துக்கு அங்கே பேரே வாளிதான். அதை உதைச்சுக்கிட்டே சாகுமாம்," என்றார் கணக்கு அதிகாரி.

"அப்போ நம்ம லிஃப்ட் பன்னிக் கட்சியா, தூக்குக் கட்சியா?" என்று கேட்டார் மேலதிகாரி. முடிவு ஒத்திவைக்கப்பட்டது.

இதற்கிடையில் லிஃப்ட்காரர் இன்னும் இரண்டு முறை வந்தார்.

"விசாரணை நடக்குதுப்பா. நிறுத்தச் சொல்லி எழுத்துல உத்தரவு வர்ற வரைக்கும் நீ பாட்டுக்கு ஓட்டு," என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவது கூட்டத்தன்று காலை பத்தேகாலுக்கு, நான்காம் மாடியிலிருந்து லிஃப்ட் அவரோடு அறுந்து விழுந்தது. உள்ளே வேறு 'முக்கியமானவர்கள்' யாரும் இல்லை என்று நிம்மதியோடு பதிவு செய்தோம். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, இனி எழுந்து நடக்க மாட்டார் என்றார் டாக்டர்.

குழுவின் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவிக்க நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் லிஃப்ட்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"அவரு சொன்னது உங்களுக்குப் புரியலையா சார்?"

"எனக்கு நல்லாவே புரிஞ்சுதும்மா. மேல இருக்கிறவங்களுக்குத்தான் வாளி புரியல."

அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு வந்து சொன்னதுக்கப்புறம் நீங்க லிஃப்ட்ல ஏறினீங்களா?"

"சேச்சே," என்றேன். "அன்னையிலேருந்து ஆறு மாடியும் படியிலதாம்மா."